உறைமோர் தேடும் பழைய கணினி

பரணில் கிடந்த வெள்ளை நிற ஐபுக் ஜி4 மடிக்கணினியை இறக்கி, தூசு தட்டி, மின்சாரம் கொடுத்தால் பல நேரம் அது எழுந்துவிடும். 2005 ஏப்ரல் 29 அன்று ஆப்பிள் வெளியிட்ட மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4, செல்லமாக ‘டைகர்’, திரையில் விரியும். கடிதம் தட்டலாம், பாட்டுக் கேட்கலாம். பிரவுசரைத் திறந்ததும்தான் முட்டுக்கட்டை. பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை என்று தளத்துக்குத் தளம் கதவு சாத்தப்படும். வன்பொருளில் ஒரு பழுதும் கிடையாது. உலகம் பேசும் மொழி இடையில் மாறிவிட்டது.

டைகர் வெளிவந்த இரண்டே மாதத்தில், ஐபுக்கில் இருந்த பவர்பிசி வகைச் சில்லைக் கைவிட்டு இன்டெலுக்குப் போகப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. 2006 ஆகஸ்டுக்குள் எல்லா மாடல்களும் மாறிவிட்டன. 2009இல் வந்த ‘ஸ்னோ லெப்பர்ட்’ பவர்பிசியில் ஏறவே ஏறாது. அப்புறம் யார் அந்த இயந்திரங்களுக்காகப் புது மென்பொருள் கட்டி விற்பார்கள்? ஆனாலும் டைகரை விடாமல் வைத்திருப்பவர்களுக்குக் காரணம் இருக்கிறது. மேக் ஓஎஸ் 9 காலத்து நிரல்களைத் தனக்குள்ளேயே ஓட்டும் ‘கிளாசிக்’ வசதியைத் தந்த கடைசிப் பதிப்பு அதுதான். பழைய இசைத் தொகுப்பு நிரல், அச்சுப் பக்க அமைப்பு நிரல், 90களில் சேமித்த கோப்புகள் எல்லாம் அதில் இன்றும் திறக்கும்.

இவர்களுக்குக் கைகொடுப்பது கட்டற்ற மென்பொருள். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. கடையில் பொடி கிடைக்காவிட்டால் மிளகாய் மல்லி வாங்கி வீட்டிலேயே அரைத்துக்கொள்வது போல, மூலநிரலை இறக்கி அந்தப் பழைய கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ளலாம், அதாவது ஓடும் நிரலாக மாற்றிக்கொள்ளலாம்.

அரைப்பதற்கு மூன்றே கட்டளைகள். முதலில் ‘கான்ஃபிகர்’, அடுத்து ‘மேக்’, கடைசியில் ‘மேக் இன்ஸ்டால்’. இதில் ‘மேக்’தான் மூத்தது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று பார்த்து, திருத்தப்பட்டதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். வேகம் குறைந்த கணினியில் இதன் அருமை உடனே புரியும். நான்கு மணி நேரம் ஓடி ஒரு பிழையில் நின்றால், பிழையைத் திருத்தி மீண்டும் ‘மேக்’ என்று தட்டினால் போதும், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

‘கான்ஃபிகர்’ செய்வது இன்னும் சுவையானது. 1991இல் டேவிட் மெக்கென்ஸி தொடங்கிய ‘ஆட்டோகான்ஃப்’ என்ற கருவி உருவாக்கித் தரும் நீண்ட ஷெல் நிரல் இது. இயங்குதளத்தின் பெயரைக் கேட்டு, இவனிடம் இன்னது இருக்கும் என்று ஊகிக்கிற பழக்கம் அதற்குக் குறைவு. நேராகச் சோதித்துவிடும். ஒரு சின்னஞ்சிறு சி நிரலைத் தானே எழுதும், கம்பைல் செய்து பார்க்கும், தேறினால் ‘யெஸ்’, தோற்றால் ‘நோ’ என்று குறித்துக்கொண்டு அந்தச் சின்ன நிரலை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். திரையில் இப்படி நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். எந்த இயந்திரத்தையும் முன்கூட்டி ஒதுக்காமல், உன்னால் என்ன முடியும் என்று அதனிடமே கேட்கிற இந்த முறைதான் 2005இன் கணினிக்கும் ஒரு வாய்ப்பைக் கொடுக்கிறது.

பழைய மேக்கில் முதல் அடி பெரும்பாலும் இங்கேயேதான் விழும், அதுவும் எதிர்பாராத திசையிலிருந்து. பேட்டரி முற்றிலும் இறங்கிய கணினி தன் கடிகாரத்தை மறந்து 1970க்குப் போய்விடும். புதிதாக உருவாக்கிய கோப்பு, இறக்கிய மூலநிரலைவிடப் பழையதாக இருக்கிறதே, கடிகாரத்தைப் பார் என்று ‘கான்ஃபிகர்’ நின்றுவிடும். கோப்பின் நேரத்தை நம்பி வேலை பார்க்கிற ‘மேக்’கும் குழம்பும். அதனால் தேதியைச் சரிசெய்வதுதான் பிள்ளையார் சுழி.

இனிதான் உண்மையான சிக்கல். தயிர் வேண்டுமானால் பால் இருந்தால் மட்டும் போதாது, உறை ஊற்றக் கொஞ்சம் மோர் வேண்டும். அந்த மோருக்கு ஏற்கெனவே தயிர் வேண்டும். பழைய கணினியில் கம்பைல் செய்வதன் கடினமெல்லாம் இந்த உறைமோரில்தான் அடங்கியிருக்கிறது.

மூலநிரலை இறக்குவதையே எடுத்துக்கொள்ளலாம். இன்றைய தளங்கள் டிஎல்எஸ் 1.2 அல்லது அதற்குப் புதிய குறியாக்கத்தில்தான் பேசும். கிட்ஹப் 2018 பிப்ரவரியிலேயே பழைய வகைகளை நிறுத்திவிட்டது. டைகரோடு வந்த குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் 0.9.7க்கு 1.2 தெரியாது. புதிய ஓபன்எஸ்எஸ்எல்லைக் கட்டிக்கொள்ளலாம் என்றால், அதன் மூலநிரலும் அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வேறொரு கணினியில் இறக்கி யுஎஸ்பியில் கொண்டுவந்தாலும் வேலை முடியாது. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.0 முதல் அதைக் கட்டுவதற்கு பெர்ல் மொழி 5.10 தேவை, டைகரில் இருப்பது 5.8.6. ஆகவே முதலில் பெர்லைக் கட்ட வேண்டும். சில மூலநிரல்கள் ‘எக்ஸ்இசட்’ முறையில் சுருக்கப்பட்டு வரும். டைகருக்குப் பின் பிறந்த அந்தச் சுருக்கத்தைப் பிரிக்க டைகரில் எதுவும் கிடையாது, அதையும் கட்டியாக வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு நம்பகச் சான்றிதழ்களின் புதிய பட்டியலை வைத்தால்தான் ‘கர்ல்’ கட்டளை ஒரு தளத்தை எட்டிப்பார்க்கும். பரவலாகப் பயன்பட்ட மூலச்சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, பட்டியலைப் புதுப்பிக்காத பழைய கணினிகள் ஒரே நாளில் பல தளங்களை இழந்தன.

உறைமோர்களில் பெரியது கம்பைலர். டைகருக்கான எக்ஸ்கோடு என்ற நிரலாக்கத் தொகுப்பில் வருவது ஜிசிசி 4.0.1 என்ற கம்பைலர். புதிய ஜிசிசியைக் கட்ட இன்னொரு கம்பைலர் வேண்டும், ஏனென்றால் ஜிசிசியும் ஒரு நிரல்தான். 4.7 வரை அதற்கு சி மொழிக் கம்பைலர் போதுமாயிருந்தது. 2013இல் வந்த 4.8 முதல் சி++ கேட்டது. 2021இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து 2011ஆம் ஆண்டுத் தரத்து சி++ கேட்கிறது. 2005இன் கம்பைலருக்கு 2011இன் இலக்கணம் எப்படித் தெரியும்? எனவே படிப்படியாகத்தான் ஏற முடியும்: பழையதைக் கொண்டு 4.8 போன்ற இடைப்பட்ட ஒன்று, அதைக் கொண்டு அடுத்தது. ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற கணித நூலகங்களும் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு படிக்குள்ளேயே மூன்று சுற்று இருக்கிறது. பழைய கம்பைலர் புதிய ஜிசிசியைக் கட்டுவது முதல் சுற்று. அப்படிப் பிறந்த ஜிசிசி அதே மூலநிரலிலிருந்து தன்னையே மறுபடி கட்டுவது இரண்டாவது. இரண்டாவதாகப் பிறந்தது மீண்டும் ஒருமுறை தன்னைக் கட்டுவது மூன்றாவது. பிறகு இரண்டாம், மூன்றாம் சுற்றின் கோப்புகளைப் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால், பழைய கம்பைலரின் கோளாறு எதுவும் புதியதற்குள் தொற்றவில்லை என்று பெருமளவு நம்பலாம். ஜி4 சில்லில் இது இரவெல்லாம் ஓடும், சில நேரம் அதற்கு மேலும். விசிறி இரைந்துகொண்டே இருக்கும். விடிந்ததும் திரையில் ‘கம்பேரிசன் சக்ஸஸ்ஃபுல்’ என்ற வரியைப் பார்ப்பது, முதல் ஈட்டில் இட்லி பூப்போல வந்தது போன்ற நிம்மதி.

கம்பைலர் கிடைத்த பிறகு வருவது இல்லாத செயற்கூறுகளின் தொல்லை. எல்லாக் கோப்பும் கம்பைல் ஆகி, கடைசியில் லிங்கர் அவற்றை ஒட்டும்போது ‘அன்டிஃபைன்ட் சிம்பல்ஸ்’ என்று சொல்லிக் கீழே ஒரு பெயரைக் காட்டும்: ‘ஸ்டிர்என்லென்’. ஓர் எழுத்துச் சரத்தின் நீளத்தை, குறிப்பிட்ட எல்லைக்கு மேல் போகாமல் எண்ணிச் சொல்கிற சின்னச் செயற்கூறு அது. மேக்கில் 10.7இல்தான் சேர்ந்தது. நாலைந்து வரியில் எழுதிவிடலாம், ஆனால் அந்த நாலைந்து வரி இல்லாமல் ஒரு பெரிய மென்பொருளே நின்றுபோகும். நேரத்தைத் துல்லியமாகக் கேட்கும் ‘கிளாக் கெட்டைம்’ மேக்குக்கு வந்தது 2016இல், 10.12 பதிப்போடு. கட்டற்ற மென்பொருளை மேக்குக்குக் கொண்டுவர 2002இல் தொடங்கிய மேக்போர்ட்ஸ் திட்டத்தார் இத்தகைய விடுபட்ட செயற்கூறுகளையெல்லாம் திரட்டி ஒரே நூலகமாக வைத்திருக்கிறார்கள். அதைச் சேர்த்துக் கட்டினால், பழைய கணினி தன்னிடம் இல்லாததையும் இருப்பதாகக் காட்டி ஒப்பேற்றிவிடும். மேக்குக்கான மென்பொருள் நிறுவியான ஹோம்ப்ரூவிலிருந்து கிளைத்த டைகர்ப்ரூவும் டைகருக்கென்றே கட்டும் முறைகளைத் தொகுத்துத் தருகிறது. யாரோ ஒருவர் ஒருமுறை மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த தீர்வு, அடுத்தவருக்கு ஒரு பேட்ச் கோப்பாகக் கிடைத்துவிடுகிறது. இந்தத் தொழிலின் மிகப் பெரிய சொத்து இந்தப் பேட்ச்கள்தாம்.

பிழை காட்டி நிற்பதாவது பரவாயில்லை. ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கம்பைல் ஆகி, தப்பாக வேலை செய்வதுதான் கொடுமை. 1 என்ற எண்ணை நான்கு பைட்டில் எழுதும்போது இன்டெல் சில்லு சிறிய பகுதியை முதலில் வைக்கும்: 01 00 00 00. மேக்கின் பவர்பிசி பெரிய பகுதியை முதலில் வைக்கும்: 00 00 00 01. முட்டையைப் பெருமுனையில் உடைப்பதா, சிறுமுனையில் உடைப்பதா என்று கல்லிவர் கதையில் வரும் சண்டையை நினைத்து, 1980இல் டேனி கோஹன் இந்த இரு வகைக்கும் பெயர் சூட்டினார். இன்றைய நிரலாளர் கையில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் சிறுமுனைச் சில்லுகளே. அவர் தன்னையறியாமல் அந்த வரிசையை நம்பி எழுதிவிட்டால், ஐபுக்கில் படம் திறக்கும்போது சிவப்பும் நீலமும் இடம் மாறி, மனித முகம் நீலம் பாரித்துத் தெரியும்.

இத்தனை தடைகளையும் மீறி ஒரு முழு பிரவுசரையே வாழவைத்தவர் கேமரன் கைசர். மொசில்லா நிறுவனம் பவர்பிசியைக் கைவிட்டதும், 2010இல் ஃபயர்ஃபாக்ஸ் மூலநிரலை எடுத்து ‘டென்ஃபோர்ஃபாக்ஸ்’ என்று டைகருக்காகக் கட்டத் தொடங்கினார். பெயரிலேயே 10.4 இருக்கிறது. கட்டியதோடு நிற்கவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் வேகமாக ஓட பவர்பிசிக்கென்று தனி இயந்திரமொழி ஆக்கியையும் அதில் சேர்த்தார். 2021 வரை அந்தப் பணி நடந்தது. உற்பத்தியாளர் மறந்த கணினிகளுக்குப் பத்தாண்டுக்கு மேல் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைத்தன என்பது சாதாரண விஷயம் இல்லை.

எங்கும் ஏறிவிடலாம் என்று எண்ணக் கூடாது. ரஸ்ட் மொழி ஒரு பெரிய சுவர். ஒரு ரஸ்ட் கம்பைலரைக் கட்ட அதற்கு முந்தைய ரஸ்ட் கம்பைலர் வேண்டும், பவர்பிசி மேக்குக்கோ அந்த முதல் உறைமோரே கிடையாது. வெக்டர் படங்களை வரையும் ‘லிப்ஆர்எஸ்விஜி’ 2017இல் ரஸ்ட்டுக்கு மாறியதிலிருந்து, பழைய மேக்குகள் சி மொழியில் இருந்த 2.40 வரிசையிலேயே தங்கிவிட்டன. பைதான் உலகின் ‘கிரிப்டோகிராஃபி’ தொகுப்பும் 2021இல் அதே வழியில் போனது. நினைவகப் பிழைகளைத் தவிர்க்க ரஸ்ட் நல்ல மொழி என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அந்த மாற்றத்தில் எந்தெந்த இயந்திரங்கள் வெளியே நின்றுவிட்டன என்று கணக்குப் பார்த்தவர் குறைவு.

இன்னொரு பக்கம், வேண்டுமென்றே பழைய இலக்கணத்தில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘கர்ல்’ இன்றும் 1989ஆம் ஆண்டுத் தரத்து சி மொழியிலேயே எழுதப்படுகிறது. ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்த ‘லுவா’ மொழியின் மூலநிரல் மொத்தமே சுமார் 30,000 வரி, எல்லாம் கலப்பில்லாத சி. வெளியிலிருந்து ஒரு நூலகமும் கேட்காது, ‘கான்ஃபிகர்’கூட இல்லை. முதல்முறை முயல்கிறவர்கள் அதில் தொடங்குவது நல்லது. 2020இல் வெளிவந்த லுவா 5.4ஐ யுஎஸ்பியில் கொண்டுவந்து, டெர்மினலில் ‘மேக் ஜெனரிக்’ என்று தட்டினால் முப்பத்துச் சொச்சம் கோப்புகள் ஒவ்வொன்றாக வரிசையில் ஓடி முடியும். பிறகு ‘லுவா’வை அழைத்தால் ஒற்றை அம்புக்குறி தோன்றும். இரண்டும் இரண்டும் எத்தனை என்று அதனிடம் கேட்கலாம்.