ஆறாம் சங்கீதத்திலிருந்து ஒரு கேள்வி

டப்ளின் நகரத்து ஷாலோம் பிரார்த்தனைக் குழுவையும், அதன் காரணமாக 1981-ல் யூ-டூ இசைக்குழு கலையும் தறுவாய்க்கு வந்து மீண்டதையும் சென்ற வாரம் சொல்லி நிறுத்தினேன். தொடர்ந்து படித்துவரும் அன்பர்களுக்கு அதற்குமேல் நினைவூட்டல் அவசியமில்லை. இவ்வாரம் ஏ.ஆர். ரஹ்மானோடு அவர்கள் சேர்ந்து செய்த 'அஹிம்சா' பாடலை எடுத்துக்கொள்வதாக வாக்களித்திருந்தேன். ஆனால் முன்னேற்பாடாகச் சங்கீதப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பட்டதிலிருந்து மனம் வேறொன்றிலும் செல்ல மறுக்கிறது. பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டிய நேரமோ நெருங்கிவிட்டது. ஆகவே மனம் நிற்கிற இடத்தையே எழுதிவிடுகிறேன்.

1983-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் வெளியான யூ-டூவின் 'வார்' என்னும் தொகுப்பின் கடைசிப் பாடலுக்கு '40' என்ற எண்ணே பெயர். டப்ளினில் விண்ட்மில் லேன் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஸ்டீவ் லில்லிவைட்டின் தயாரிப்பில் நடந்துவந்த வேலை முடிகிற சமயத்தில், கூடத்தை ஒப்படைக்கவேண்டிய நாழிகை நெருங்கியிருக்க, பேஸ் கிதார் வாசிப்பவரான ஆடம் கிளேட்டன் வீட்டுக்குப் போய்விட்டிருக்க, தொகுப்பை நிறைவு செய்ய ஒரு பாட்டுக் குறைகிறதே என்ற தவிப்பில் பிறந்தது அது. கிதார் வாசிப்பவரான எட்ஜ் தாமே பேஸையும் எடுத்து வாசித்தார்; பாடகரான போனோ விவிலியத்தைத் திறந்து, தாவீதின் பெயரால் வழங்கும் நாற்பதாம் சங்கீதத்தின் தொடக்கப் பகுதியைச் சரணங்களாக அமைத்துக்கொண்டார். எழுதப் பத்து நிமிஷம், பதிவு செய்யப் பத்து நிமிஷம், ஒலிகளைக் கலந்து சீராக்கப் பத்து நிமிஷம், போட்டுக் கேட்கப் பத்து நிமிஷம் என்று பிற்காலத்தில் மேடையில் அவர் கணக்குச் சொல்லி, பாட்டின் பெயருக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்றும் கூடவே சொன்னதுண்டு.

அன்று ஆடம் இல்லாமற்போனது பின்னால் ஒரு மேடைச் சம்பிரதாயமாயிற்று. இந்தப் பாட்டு வரும்போது எட்ஜ் பேஸை வாங்கிக்கொள்வார், ஆடம் கிதாரை எடுத்துக்கொள்வார். எண்பதுகளில் அவர்களுடைய கச்சேரிகள் பெரும்பாலும் இதனோடுதான் நிறைவு பெற்றன. பல்லவியைச் சபையோரிடம் ஒப்படைத்துவிட்டு முதலில் போனோ மேடையைவிட்டு இறங்கிப் போவார். மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராகப் போவார்கள். கடைசியில் லாரி மல்லன் மட்டும் டிரம்ஸை வாசித்துக்கொண்டிருந்து, அவரும் எழுந்து சென்றபின், விளக்குகள் முழுவதும் எரியத் தொடங்கிய பிறகும், ஜனங்கள் அதே பல்லவியைப் பாடிக்கொண்டே வெளியே நடப்பார்கள். 1983 ஜூன் 5-ஆம் தேதி, கொலராடோ மாகாணத்து ரெட் ராக்ஸ் மலையரங்கில், கச்சேரி நடக்குமா நடக்காதா என்ற சந்தேகத்தை உண்டாக்கிய மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே எடுக்கப்பட்ட படமும் இந்தப் பாட்டோடுதான் முடிகிறது. பாடகர்கள் போனபின் பாட்டை முடித்துவைக்கும் பொறுப்பு கேட்க வந்தவர்கள் கையில் தங்கிவிடுகிற இந்த முறையைப் போல ராக் இசையின் சரித்திரத்தில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்றில்லை.

அப்படி அவர்கள் பாடிக்கொண்டு போவது எதை? சரணங்களில் உள்ள ஸ்தோத்திரத்தை அவர்கள் பாடுவதில்லை. 'இன்னும் எத்தனை காலம்' என்ற கருத்துடைய அந்தப் பல்லவிக் கேள்வியையே பாடுகிறார்கள். ரசிகர்களுக்குள் ஓயாத விவாதத்தைக் கிளப்பிவந்திருப்பதும் அந்தக் கேள்விதான். சரணங்களில் பக்தன் பொறுமையோடு காத்திருக்கிறான், தேவன் செவிசாய்க்கிறார், சேற்றுக் குழியிலிருந்து தூக்கிக் கன்மலையின்மேல் நிறுத்துகிறார், வாயில் புதிய பாட்டொன்றைத் தருகிறார். இவ்வளவும் கிடைத்தபிறகு 'எத்தனை காலம்' என்று ஏன் அங்கலாய்க்க வேண்டும்? இது விசுவாசியின் துதிப்பாடல், கேள்வி வெறும் இசையலங்காரம் என்பது ஒரு சாரார் கட்சி. விசுவாசம் தளர்ந்துவந்த இளைஞர்களின் சந்தேகம் அந்தப் பல்லவியில் வெளிப்பட்டுவிட்டது என்பது மற்றொரு சாரார் கட்சி. மூன்றாவது கட்சியார், 1972 ஜனவரி 30-ல் டெர்ரி நகரில் பிரிட்டிஷ் ராணுவத்தினர் ஊர்வலத்தினர்மீது சுட்டதை நினைவூட்டும் 'சண்டே பிளடி சண்டே' இதே தொகுப்பின் முதற்பாட்டு என்பதையும், அங்கேயும் 'எத்தனை காலம்' என்றே கேட்கப்படுகிறது என்பதையும் எடுத்துக்காட்டி, தொகுப்பு முழுவதும் ஒரே கேள்வியின் இரண்டு கரைகளுக்கு நடுவே ஓடுகிறது என்பார்கள். மூவரில் மூன்றாமவரே பாட்டை நன்றாகக் கேட்டவர்கள் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அவர்களும் சங்கீதப் புத்தகத்துக்குள் போகவில்லை.

அந்தக் கேள்வி நாற்பதாம் சங்கீதத்தில் இல்லை. ஆறாம் சங்கீதத்தில் இருப்பது. 1999-ல் சங்கீதப் புத்தகத்தின் தனிப்பதிப்பு ஒன்றுக்கு எழுதிய முன்னுரையில் போனோவே இதைத் தெரிவித்திருக்கிறார். ஆறாம் சங்கீதமோ நோயிலும் வியாகுலத்திலும் எலும்புகள் நடுங்க, இரவெல்லாம் கண்ணீரால் படுக்கையை நனைக்கிறவனுடைய முறையீடு. நன்றி சொல்லும் சங்கீதத்தின்மேல் அழுகிறவனுடைய கேள்வியைக் கொண்டுவந்து, ஒரு மரத்தின் கிளையை மற்றொன்றில் ஒட்டுக்கட்டுவதுபோலக் கட்டிவிட்டார் என்றால், கச்சேரி மேடையின் தேவைக்காக வேதவாக்கை மனம்போல் கலைத்தார் என்று கண்டிக்கலாமே என்று தோன்றும். கண்டித்தவர்களும் உண்டு.

இவ்வாரம் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் இந்த இடத்தில்தான் வருகிறது. நாற்பதாம் சங்கீதத்தை இறுதிவரையில் படித்தால், பாதி வழியில் அதன் குரல் மாறிவிடுகிறது. கன்மலைமேல் நின்று நன்றி சொன்னவன், எண்ணிமுடியாத தீமைகள் தன்னைச் சூழ்ந்துகொண்டதாகப் புலம்பி, தன்னை விடுவிக்க விரைந்து வரும்படி மன்றாடி, தாமதிக்கவேண்டாம் என்ற விண்ணப்பத்தோடு முடிக்கிறான். தாமதிக்கவேண்டாம் என்பதும் எத்தனை காலம் என்பதும் ஒரே துயரத்தின் இரு மொழிகள் அல்லவா? பாட்டில் இடம்பெறாத பின்பகுதியின் உள்ளம், வேறொரு சங்கீதத்தின் சொல்லை அணிந்துகொண்டு பல்லவியாக வந்து சேர்ந்திருக்கிறது. இதோடு நிற்கவில்லை. அந்தப் பின்பகுதியின் 13 முதல் 17 வரையிலான வசனங்கள், மிகச் சிறு மாறுதல்களோடு, எழுபதாம் சங்கீதமாகத் தனியாகவும் நிற்கின்றன! வேறுவேறாக இருந்த ஒரு துதியும் ஒரு முறையீடும் இணைக்கப்பட்டே நாற்பதாம் சங்கீதம் உருவாயிற்று என்று விவிலிய அறிஞர் பலர் கருதுவதற்கு இது முக்கிய ஆதாரம். நூற்றெட்டாம் சங்கீதத்தைப் பாருங்கள்: அதன் முதற்பாதி ஐம்பத்தேழாம் சங்கீதத்தின் பிற்பகுதி, அதன் மறுபாதி அறுபதாம் சங்கீதத்தின் பிற்பகுதி. பழைய யூத ஆலயத்துப் பாடகர்கள் வழிவழியாகச் செய்துவந்ததையே, டப்ளினில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில், அவசரம் கழுத்தைப் பிடித்த வேளையில், இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரும் செய்தார். அறிந்து செய்தாரோ, கைக்கு வந்தபடி செய்தாரோ, அந்த மரபின் ஓட்டத்துக்குள்ளேயே செய்திருக்கிறார் என்பதைக் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கிரேக்க, லத்தீன் விவிலியங்களின் வரிசைப்படி இதே சங்கீதத்துக்கு முப்பத்தொன்பது என்பதே எண். எபிரேய மூலத்தின் வரிசையைப் பின்பற்றிய புராட்டஸ்டண்ட் பதிப்புகளில் நாற்பது. போனோவின் தகப்பனார் கத்தோலிக்கர், தாயார் புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர். சமயப் பிளவு தெருக்களில் ரத்தமாக ஓடிய தேசத்தில், கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளை தன் பாட்டுக்கு வைத்த பெயர், தகப்பன் வழியில் எண்ணினால் ஒன்று, தாய் வழியில் எண்ணினால் மற்றொன்று. இதற்கு அவர் எந்த அர்த்தமும் கற்பித்ததாகச் சொல்லவரவில்லை. எனக்கு இது ரசிக்கத் தகுந்ததாகப் படுகிறது, அவ்வளவே.

சந்தேகமா விசுவாசமா என்ற விவாதம் 1987-ல் வேறொரு பாட்டின் பேரில் இன்னும் காரமாக எழுந்தது. 'ஐ ஸ்டில் ஹாவன்ட் ஃபவுண்ட் வாட் ஐம் லுக்கிங் ஃபார்' என்ற அப்பாட்டில் சிலுவையையும் வரப்போகும் ராஜ்யத்தையும் நம்புவதாகச் சொல்லிவிட்டு, தேடுவது இன்னும் கிட்டவில்லை என்று உடனே சேர்ந்தாற்போல் ஒப்புக்கொள்வது, பக்திமான்கள் பலருக்கு விசுவாசத் துரோகமாகவே தோன்றிற்று. தேடியதைக் கண்டடைந்துவிட்டோம் என்று சாட்சி சொல்வதையே அடையாளமாகக் கொண்ட சபைகளில் அது வலித்ததில் ஆச்சரியமில்லை. அவர்கள் வருத்தத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் அந்த ஆண்டிலேயே ஹார்லம் பகுதியின் கறுப்பினத்தார் ஆலயம் ஒன்றில், நியூ வாய்சஸ் ஆஃப் ஃப்ரீடம் என்ற சேர்ந்திசைக் குழுவினர் அதே பாட்டைச் சுவிசேஷ கீதமாகவே எடுத்துப் பாடினார்கள். பிறகு மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையிலும் யூ-டூவோடு சேர்ந்து பாடினார்கள். அடிமைத்தளையின் கொடுமையில் பிறந்த ஆத்ம கீதங்களுக்கு வாரிசுகளான அவர்களுக்கு, கிட்டாததைக் கிட்டவில்லை என்று தேவனிடமே சொல்வது துரோகமாகப் படவில்லை. பதின்மூன்றாம் சங்கீதம் 'எத்தனை காலம்' என்ற கேள்வியை இரண்டே வசனங்களுக்குள் நான்கு முறை கேட்கிறது. அதை வேதத்திலிருந்து நீக்க யாருக்கும் தோன்றவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரிந்தவன்தான் இப்படிக் கேட்க முடியும். ஆகையால் ரசிகர்களின் இரு கட்சிகளுக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அவசியம் தோன்றவில்லை. சந்தேகம் என்று ஒருவர் கேட்டதும் பிரார்த்தனை என்று மற்றவர் கேட்டதும் ஒரே குரல்தான் என்று நான் நம்புகிறேன்.

ரசிகர்களின் சிரத்தைக்கு ஒரு சிறிய சான்று: 2000-ல் வெளியான யூ-டூ தொகுப்பின் அட்டையில், பாரிஸ் விமான நிலையத்தில் நால்வரும் நிற்கும் படத்தில், வாயில் எண்ணைக் காட்டும் பலகையில் 'ஜே 33-3' என்று மாற்றி எழுதியிருக்கிறது. அது எரேமியாவின் முப்பத்துமூன்றாம் அதிகாரம், மூன்றாம் வசனம். கூப்பிட்டால் பதில் தருவேன் என்று தேவன் வாக்களிக்கிற இடம். போனோ அதைக் கடவுளின் தொலைபேசி எண் என்று குறிப்பிட்டதுண்டு. அட்டைப்படத்தின் மூலையைக்கூட ஊன்றிப் பார்த்து வேதபுத்தகத்தைத் திறக்கிற ரசிகர் கூட்டம் எத்தனை இசைக்குழுக்களுக்கு வாய்க்கும்?

அமெரிக்காவில் எபிஸ்கோபல் சபைக் குருமார் சிலர் யூ-டூவின் பாடல்களையே வைத்து நற்கருணை ஆராதனை நடத்தி, காணிக்கையை ஏழை நாடுகளின் நலனுக்கு அளித்த வரலாறும் சொல்லவேண்டியிருக்கிறது. அதற்கு இடம் போதாது. 2019 டிசம்பர் 15-ல் மும்பையில் நடந்த அவர்களுடைய முதல் இந்தியக் கச்சேரியும், ரஹ்மானின் புதல்வியர் குரலில் திருக்குறள் ஒலிக்கும் 'அஹிம்சா'வும் அடுத்த வாரம் நிச்சயம். அதற்குள் அன்பர்கள் நாற்பதாம் சங்கீதத்தையும் எழுபதாம் சங்கீதத்தையும் அருகருகே வைத்து ஒருமுறை படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

(தொடரும்)