சூடு பட்டால் சுருங்கும் குழாய்

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? திருச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று அது அரிய காட்சியாகிவிட்டது. உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். மரச் சக்கரத்தைவிடச் சற்றே சிறிய இரும்பு வளையத்தை வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சுவார்கள். வளையம் விரியும். உடனே அதைக் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் பொருத்தித் தண்ணீரை ஊற்றுவார்கள். வளையம் குளிர்ந்து சுருங்கி, மரத்தை இறுகக் கவ்விக்கொள்ளும். நீராவி எஞ்சின்களின் சக்கரங்களுக்கு எஃகு வளையம் மாட்டியதும் இதே முறையில்தான். சூடாக்கினால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

இப்போது மெயின்கார்டு கேட் பக்கம் ஏதாவதொரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய், "ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஒரு மீட்டர்" என்று கேளுங்கள். கறுப்பாக, மெல்லியதாக ஒரு பிளாஸ்டிக் குழாயை வெட்டித் தருவார். அதில் ஒரு துண்டைப் பென்சிலில் மாட்டிச் சூடான காற்றைக் காட்டினால், பாடப் புத்தகத்துக்கு நேர்மாறாக, குழாய் சுருங்குகிறது! விட்டம் பாதியாகக் குறைந்து பென்சிலைக் கவ்விக்கொள்கிறது. குளிர்ந்த பிறகும் விடுவதில்லை.

அப்படியானால் பாடப் புத்தகம் பொய்யா? பொய்யில்லை. ஆனால் அது சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. அதை ஒரு ரப்பர் வளையத்தைக் கொண்டு வீட்டிலேயே காணலாம். ரப்பர் வளையத்தை ஆணியில் மாட்டி, அது இருமடங்கு நீளும்படி கீழே ஒரு பூட்டையோ கல்லையோ தொங்கவிடுங்கள். கல்லின் அடிமட்டத்துக்கு நேராகச் சுவரில் ஒரு கோடு போடுங்கள். பிறகு வளையத்தின்மேல் வெந்நீரை மெதுவாக ஊற்றுங்கள். கல் கீழே இறங்கும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? அது சில மில்லிமீட்டர் மேலே ஏறும்.

காரணம் ரப்பரின் மூலக்கூறுகளில் இருக்கிறது. அவை உருண்டைகள் அல்ல, மிக நீண்ட சங்கிலிகள். ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் பத்துக் குழந்தைகள் கைகோத்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கத்திலிருந்தும் கூட்டம் இடிக்கிறது. அந்த வரிசை நேர்க்கோடாகவா இருக்கும்? வளைந்து நெளிந்து, இரு முனைகளும் நெருங்கி வந்துவிடும். வரிசையை நேராக வைத்திருக்க வேண்டுமென்றால் இரண்டு முனைகளிலும் பெரியவர்கள் நின்று இழுத்துப் பிடிக்க வேண்டும். கூட்டத்தின் இடி அதிகமாக அதிகமாக, அவர்களும் பலமாக இழுக்க வேண்டியிருக்கும். சூடு என்பது இந்த இடிதான். இழுத்து வைத்த சங்கிலி மூலக்கூறுகளைச் சூடாக்கினால் அவை இன்னும் பலமாகச் சுருங்கப் பார்க்கும்.

நம் குழாய் ரப்பர் அல்ல. பெரும்பாலும் அது பாலிஎத்திலீன் இனத்தைச் சேர்ந்தது. பாலிஎத்திலீன் 1933-இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. அதன் சங்கிலிகள் ஆங்காங்கே ஒழுங்காக அடுக்கிச் சிறு சிறு படிகங்களாக உறைந்திருக்கும். சாதாரண பாலிஎத்திலீனைச் சூடாக்கினால் ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸில் படிகங்கள் உருகி, எல்லாமே மெழுகுபோல் இளகிவிடும். 1950-களின் தொடக்கத்தில் ஆங்கிலேய விஞ்ஞானி ஆர்தர் சார்ல்ஸ்பி, இதை அணு உலையின் கதிர்வீச்சில் வைத்து ஆராய்ந்தார். கதிர்வீச்சு பட்ட பாலிஎத்திலீன் சூடாக்கியும் உருகி ஓடவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் விழுந்து, முழுப்பொருளும் ஒரே வலையாகிவிட்டிருந்தது. அமெரிக்காவில் பால் குக் என்பவர் 1957-இல் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இந்த வித்தையைத் தொழிலாக வளர்த்தது. நம் நாட்டிலும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் எலக்ட்ரான் முடுக்கியைக் கொண்டு கேபிள் உறைகளில் இத்தகைய பிணைப்புகளை உண்டாக்கியிருக்கிறார்கள்.

இனிக் குழாய் செய்யும் முறை எளிதில் விளங்கும். முதலில் சிறிய குழாயாக வார்த்து, எலக்ட்ரான் கற்றையால் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குகிறார்கள். அதன் 'சொந்த அளவு' இதுதான். பிறகு படிகங்கள் உருகும்வரை சூடாக்கி, ஊதிப் பெரிதாக்கி, அந்நிலையிலேயே குளிர வைக்கிறார்கள். மறுபடி உறையும் படிகங்கள் சங்கிலிகளை இழுத்த நிலையிலேயே பூட்டிவிடுகின்றன. நாம் சூடு காட்டும்போது அந்தப் பூட்டு திறக்கிறது, அவ்வளவுதான். திருச்சியின் அக்கினி நட்சத்திர வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும் கடையில் தொங்கும் குழாய் ஏன் சுருங்குவதில்லை என்பதும் இப்போது தெரிகிறதல்லவா? பிளாஸ்டிக் எங்கும் போய்விடவில்லை என்பதையும் கவனியுங்கள். விட்டம் பாதியானால் சுவரின் தடிமன் ஏறக்குறைய இருமடங்காகும்.

சரி, இதை வைத்து என்ன செய்யலாம்? செல்போன் சார்ஜர் கம்பி எங்கே முறிகிறது என்று பாருங்கள். நடுவிலா? இல்லை, எப்போதும் செருகியின் கழுத்தில்தான். செருகி விறைப்பானது, கம்பி வளைவது. இரண்டும் சேருமிடத்தில் வளைவு முழுவதும் அரை சென்டிமீட்டரில் விழுகிறது. உள்ளே இருக்கும் செப்பு இழைகள் மடங்கி மடங்கி ஒவ்வொன்றாக அறுகின்றன. கம்பி புதிதாக இருக்கும்போதே கழுத்தில் உறை போட்டால் அந்த வளைவு நீண்ட தூரத்துக்குப் பரவிவிடும். இரண்டு உறை போடுவது இன்னும் நல்லது. முதலில் 5 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்று, அதன்மேல் செருகியை ஒட்டி 2 சென்டிமீட்டரில் மற்றொன்று. விறைப்பு படிப்படியாகக் குறைவதால் எந்த ஓரிடத்திலும் கம்பி மடங்காது. யானையின் துதிக்கை அடியில் பருத்து நுனியில் சிறுத்திருப்பது போல.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உறை செருகியைத் தாண்டி நுழைய வேண்டும். நுழைந்த பின் மெல்லிய கம்பியையும் கவ்வ வேண்டும். பாதியாகச் சுருங்கும் குழாய் போதாவிட்டால், மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். குழாயை நீளவாக்கில் கீறி மாட்டலாமே என்று தோன்றும். பயனில்லை. சுருங்கும்போது கீறல் அகன்று திறந்துகொள்ளும். சால்டரிங் செய்து இணைக்கும் கம்பியானால், இணைக்கும் முன்பே குழாயைக் கோத்துவிட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சூடு காட்ட ஹாட் ஏர் கன் சிறந்தது. தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடு பெரும்பாலும் போதாது. சால்டரிங் அயர்னின் தண்டை, நுனியை அல்ல, குழாய்க்கு மிக அருகில் சுற்றிலும் நகர்த்தினாலும் போதும். ஒரே இடத்தில் நிறுத்தினால் உள்ளிருக்கும் கம்பியின் உறையும் இளகிவிடும். மெழுகுவர்த்திச் சுடர் வேண்டாம், கரி படியும். பி.வி.சி.யால் ஆன குழாயும் கடைகளில் உண்டு. அது கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஓர் எல்லையைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். சார்ஜரிலிருந்து செல்போனுக்கு வரும் கம்பியில் ஓடுவது 5 முதல் 20 வோல்ட் வரைதான். இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, மேசை விசிறி ஆகியவற்றின் கம்பியில் ஓடுவது 230 வோல்ட். அந்தக் கம்பிகள் விரிந்தோ வெடித்தோ இருந்தால் மேலே உறை போட்டு மூடாதீர்கள். உள்ளே பாதி இழைகள் அறுந்திருக்கலாம். மிச்சமுள்ள சில இழைகள் வழியாகவே முழு மின்னோட்டமும் போவதால் அந்த இடம் கொதிக்கும். உறை அதை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ஈரக் கையோடு யாரேனும் அதைத் தொடும் நாளில் என்ன நடக்கும் என்று எழுதவேண்டியதில்லை. கம்பியையே புதிதாக மாற்றச் சொல்லுங்கள்.

காசு செலவழிக்காமல் இந்த வித்தையைப் பார்க்கவும் வழி உண்டு. குளிர்பான பாட்டிலின் நடுப்பகுதியிலிருந்து 2 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வளையம் வெட்டுங்கள். அந்த பிளாஸ்டிக்கின் பெயர் பெட். பாட்டில் செய்யும்போது அதையும் சூடாக்கி, இழுத்து, ஊதிக் குளிர வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 80 டிகிரியிலேயே பிடி தளர ஆரம்பிக்கும். எனவே கொதிநீரே போதும். இடுக்கியால் பிடித்து நீரில் அமிழ்த்துங்கள், வளையம் சுருங்கித் தடிக்கும். மண்வெட்டிப் பிடியில் கட்டிய கயிறு அவிழாமலிருக்க, மேலே இப்படி ஒரு வளையத்தை மாட்டி வெந்நீர் ஊற்றலாம்.

அதே பாட்டிலிலிருந்து ஒரே நீளமுள்ள இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். ஒன்று மேலிருந்து கீழாக, மற்றொன்று சுற்றுவாட்டத்தில். இரண்டும் வெந்நீரில் ஒரே அளவு சுருங்குமா? பாட்டிலை எந்தத் திசையில் அதிகமாக இழுத்திருக்கிறார்கள் என்பதை அளவுகோல் உங்களுக்குச் சொல்லிவிடும்.