வெட்டலும் ஒட்டலும்

பூப்பறிப்பது ஒரு வேலை. மாலை தொடுப்பது மற்றொரு வேலை. கூடை நிறையப் பூ இருந்தாலும் அது மாலை ஆகிவிடாது. வாடியதைக் களைந்து, எஞ்சியவற்றை இடமறிந்து வைத்து, நாரினால் இணைத்த பிறகே அது மாலையாகிறது. திரைப்படத்திற்கும் இது பொருந்தும். கேமராவினால் காட்சிகளைப் பிடிப்பது பூப்பறிப்பதைப் போன்றது. பிடித்தவற்றுள் வேண்டுவனவற்றைத் தேர்ந்து, வேண்டாதவற்றை நீக்கி, முறைப்பட வைத்து, ஒலியோடு பொருத்துவது மாலை தொடுப்பதைப் போன்றது. இதனையே படத்தொகுப்பு என்கிறோம். கையில் கைப்பேசி உள்ள மாணவர் எவரும் இன்று பூப்பறிக்க வல்லவரே. தொடுக்கக் கற்றவரோ சிலர். அக்கலையின் அடிப்படைகளைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

1895-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்திற்கும் குறைந்தவை. கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி, எதிரே நிகழ்வதை அப்படியே பதிவு செய்தார்கள். அங்கே வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் வேலை இல்லை. 1903-இல் அமெரிக்கராகிய எட்வின் போர்ட்டர் 'தி கிரேட் டிரெயின் ராபரி' என்னும் படத்தில், கொள்ளையர் ஓடுவதையும், அவர்களால் கட்டிப்போடப்பட்ட தந்தி ஊழியர் வேறோரிடத்தில் விடுவிக்கப்படுவதையும் அடுத்தடுத்துக் காட்டினார். இடம் மாறினாலும் கதை அறுபடாது என்பது இத்தகைய முயற்சிகளால் விளங்கிற்று.

இக்கலையின் உள்ளுறையை வெளிப்படுத்தியவர் ரஷிய நாட்டினராகிய லெவ் குலெஷோவ். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் ஒரு சோதனை செய்தார். மொசூகின் என்னும் நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு சூப்புக் கிண்ணத்தின் படத்தோடு இணைத்தார். அதே முகத்தை ஒரு சவப்பெட்டியின் படத்தோடும் இணைத்தார். பார்த்தவர்கள் முன்னதில் அந்நடிகரின் பசியையும், பின்னதில் அவருடைய துயரத்தையும் கண்டு அவர் நடிப்பைப் பாராட்டினார்களாம். அவருடைய மாணாக்கராகிய புடோவ்கின் இதனை எழுதிவைத்துள்ளார். முகம் மாறவில்லை, பக்கத்தில் வைத்த படந்தான் மாறியது. பொருள் தனிப்படத்தில் மட்டும் இல்லை. இரண்டு படங்கள் சந்திக்கும் இடத்தில், காண்பவர் மனத்திலே பிறக்கிறது. இந்த ஓர் உண்மையை உணர்ந்தவர் படத்தொகுப்பின் வாசலைக் கடந்துவிட்டார் எனலாம்.

பிலிம் வழங்கிய காலத்தில் இது உடலுழைப்பு மிகுந்த தொழில். பேசும் படம் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடும். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். எனவே ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடி பிலிம் வேண்டும். 1924-இல் தோன்றிய மூவியோலா என்னும் பொறியில் பிலிமை ஓட்டிப் பார்த்து, வெட்டி, ஒட்டிச் சேர்த்தார்கள். இன்று அவ்வேலையைக் கணிப்பொறி செய்கிறது. அதில் ஒரு பெரு நன்மை உண்டு. எந்தச் சட்டத்தில் தொடங்கி எந்தச் சட்டத்தில் முடிய வேண்டும் என்னும் குறிப்பை மட்டுமே பொறி நினைவிற் கொள்கிறது, மூலப்பதிவு சிதைவதில்லை. தவறான இடத்தில் வெட்டினாலும் மீட்டுக்கொள்ளலாம். ஷாட்கட் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. ஆதலால் பொருளில்லை என்று எந்த மாணவரும் தயங்க வேண்டுவதில்லை.

தொடங்குவோர்க்கு நான் கூறும் முதற்பயிற்சி இது. கோயில் வாயிலில் பூ விற்கும் அம்மையார் ஒருவரை, அவருடைய இசைவு பெற்று, 20 நிமிடம் படம் பிடியுங்கள். கடை முழுவதும் தெரிய ஒன்று, நார் முடியும் விரல்கள் அண்மையில் ஒன்று, அவர் முகம் ஒன்று, பூ வாங்குவோர் வரவு ஒன்று எனப் பலவாறாக எடுங்கள். அதனை ஒரு நிமிடப் படமாக்க வேண்டும். முதலில் எதையும் வெட்டாமல் முழுவதையும் பார்த்து, நல்ல பகுதிகளை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றை வரிசைப்படுத்துங்கள். அது மூன்று நான்கு நிமிடம் நீளும். அதன் பின்னரே குறைக்கத் தொடங்க வேண்டும்.

எதைக் குறைப்பது? நூலுக்குரிய குற்றங்களாக நன்னூலார் கூறியவை இங்கே நமக்குத் துணையாகும். விரல்கள் முடிவதை மும்முறை காட்டினால் அது கூறியது கூறல். வாங்குபவர் தெருமுனையிலிருந்து நடந்து வருவதை முழுவதும் காட்டினால் அது மிகைபடக் கூறல். கடையை நெருங்கும் இரண்டு அடிகள் போதும். பணம் கைமாறுவதைக் காட்டாமல் பூ மட்டும் கைமாறினால் அது குன்றக் கூறல். ஒரு காட்சியில் நிறைந்திருந்த கூடை அடுத்த காட்சியில் காலியாகி, அதற்கடுத்ததில் மீண்டும் நிறைந்தால் அது மாறுகொளக் கூறல். யாப்பறிந்தவர்க்கு இக்கலை அயலானது அன்று என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி, வெட்டும் இடம். அம்மையார் பூவை எடுக்கக் கை நீட்டுகிறார் என்றால், கை அசைவின் நடுவே வெட்டி, அதே அசைவை அண்மைக் காட்சியில் தொடருங்கள். காண்பவர் கண் அசைவைப் பின்பற்றிச் செல்லும். வெட்டு அதற்குப் புலப்படாது. இருவர் உரையாடும்போது அவர்களுக்கிடையே ஒரு கோடு இருப்பதாகப் பாவித்து, அதன் ஒரு புறத்திலிருந்தே படம் பிடிக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால், எதிரெதிரே நிற்பவர் இருவரும் ஒரே திசையை நோக்குவதாகத் தோன்றும். ஒலியும் படமும் ஒரே நொடியில் மாற வேண்டுவதில்லை. கோயில் மணியோசை முதலில் கேட்டு, அரை நொடி கழித்துக் கோபுரம் தெரிந்தால், காட்சி மாற்றம் இயல்பாக அமையும்.

இவை யாவும் விதிகள்; விதிகளுக்கு மேலானது ஒன்று உண்டு. வால்ட்டர் மர்ச் என்னும் அமெரிக்கப் படத்தொகுப்பாளர், ஒரு வெட்டு நல்லதா என்று அறிய ஆறு அளவுகோல்களைத் தம் நூலில் வகுத்தார். அவற்றுள் உணர்ச்சிக்கு மட்டும் 51 விழுக்காடு அளித்தார். கதை, தாளம், இடத்தொடர்ச்சி முதலியவை எஞ்சிய பங்கையே பெற்றன. அவரும் பிறரும் தொகுத்து 1979-இல் வெளிவந்த 'அபோகலிப்ஸ் நௌ' என்னும் படத்திற்கு ஏறத்தாழ 230 மணி நேரப் பதிவு இருந்தது. நிலைத்தது இரண்டரை மணிக்கும் குறைவானதே. அழகாக எடுத்தோம் என்பதற்காக ஒரு காட்சியை வைத்துக்கொள்வது தகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நீக்கும் உரிமை பெரிய உரிமை. அதனால் ஒரு பெரும் பொறுப்பும் வந்து சேர்கிறது. ஓர் ஆசிரியர், "தேர்வே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள், அதை நான் ஒப்பமாட்டேன்" என்று பேசுவதாகக் கொள்வோம். நம் மொழியில் பிறர் கூற்று முதலில் வரும். 'என்று' என்பதும், கூறியவர் யார் என்பதும் பின்னரே வரும். ஆகவே முதல் இரண்டு சொற்களோடு வெட்டிவிட்டால், "தேர்வே வேண்டாம்" என்பது அவருடைய முகத்தோடும் குரலோடும் அவருடைய கருத்தாகவே நின்றுவிடும். பொய் ஒரு சொல்லும் சேர்க்கப்படவில்லை. ஆயினும் முழுப்பொய் உண்டாகிவிட்டது. இத்தகைய துணுக்குகள் ஒரு நாளிலேயே பல்லாயிரம் கைப்பேசிகளை அடைந்து, ஒருவருடைய நற்பெயரைக் கெடுத்துவிடக் கூடும்.

சுருக்குவது வேறு, திரிப்பது வேறு. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. தொகுத்த படத்தை, அதில் இடம்பெற்றவர் முன்னிலையில் ஓட்டிக் காட்ட உங்களுக்கு மனம் துணிகிறதா? "நான் சொன்னது இதுதான்" என்று அவர் ஒப்புவாரா? ஒப்புவார் எனின் உங்கள் வெட்டு நேர்மையானது. கை வேகத்தை மென்பொருள் தரும். நாள்தோறும் பழகினால் திறமையும் வரும். இந்த நேர்மையை மட்டும் தொகுப்பவரே கொண்டுவர வேண்டும். முதற்படத்தைத் தொகுக்க அமரும் நாளிலேயே அதனையும் பழகிக்கொள்ளுங்கள்.