நிஷாப்பூர்: கய்யாம் வாழ்ந்த நகரம்

உமார் கய்யாமின் பாடல்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் தமிழிலே சுவைத்தவர் நம்மிடையே பலர். ஆயினும் அக்கவிஞன் பிறந்து, 1131ஆம் ஆண்டளவில் மறைந்து, அடக்கமும் பெற்ற நிஷாப்பூர் நகரின் வரலாற்றை அறிந்தவர் சிலரே.

பாரசீகத்தின் வடகிழக்கே, குராசானில், பினாலூத் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்தது இந்நகர். சாசானிய மன்னன் ஷாபூரின் பெயரைத் தாங்கியது. வடபால் மலையுச்சி 3,200 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்க, தென்பால் நிலம் வறண்டு பாலையை நோக்கிச் சரிகிறது. மழை அருகிய இந்நிலத்தில் பெருநகர் ஒன்று எழுந்தது எவ்வாறு? மலையடிவாரத்து நிலத்தடி நீரை, சிறு சரிவுடைய சுரங்கக் கால்வாய்கள் வழியே மக்கள் கொண்டுவந்தனர். 'கனாத்து' எனப்படும் இவை வீடுகளின் அடியிலும் ஓடின. படியிறங்கிச் சென்று நீர் முகந்தனர். 9ஆம் நூற்றாண்டில் மெர்வு நகரை விடுத்து இதனைத் தலைநகராக்கிய தாஹிரிய ஆளுநன் அப்துல்லா, நீர் வழக்குகள் ஓயாமை கண்டு, சட்ட அறிஞரைக் கூட்டிக் கனாத்துக்களுக்கென நூலொன்றே இயற்றுவித்தான் என்பர்.

பட்டு வணிகப் பாதையும், அண்மையிலுள்ள நீலப்பச்சைக்கல் சுரங்கங்களும் செல்வம் தந்தன. நபிமொழித் தொகுப்பாளர் இமாம் முஸ்லிம் இவ்வூரினர். இமாம் கஸ்ஸாலி ஜுவைனியிடம் பாடங்கேட்டதும் இங்கேதான்.

இத்தகைய நகரை அழித்தவர் மங்கோலியரே என்பது பலர் எண்ணம். அது பாதி உண்மையே. 1153இல் ஓகுஸ் துருக்கியர் நகரைச் சூறையாடினர். அவர் போனபின், எஞ்சியோர் ஒன்றுபட்டு ஊரை மீட்டிருக்கலாம். மீட்டாரில்லை. ஹனபி, ஷாபிஈ எனும் இரு சட்டநெறியினரிடையே நெடுநாட் புகைந்த பகை தெருச் சண்டையாக மூண்டது. ஒரே வேதத்தை ஓதியோர் ஒருவர் பள்ளியை ஒருவர் எரித்தனர், நூலகங்களும் சாம்பராயின. பத்தாண்டுக்குள் பழைய நகர் பாழாக, மக்கள் ஷாத்யாக் எனும் புறநகரில் ஒதுங்கினர். நீரைப் பங்கிட நூல் செய்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள்!

1209இல் நிலநடுக்கம். 1221இல் செங்கிஸ்கானின் மருமகன் இந்நகர் முற்றுகையில் வீழ்ந்ததற்குப் பழிவாங்க, மகன் துலூயி வந்தான். மாண்டோர் பதினேழு இலட்சம் என்னும் கணக்கை நம்புதற்கில்லை. படுகொலை நடந்ததில் ஐயமில்லை. ஞானக்கவி அத்தாரும் அதிலேயே மடிந்தார் என்பது மரபு. மீண்டும் 1270இலும் 1405இலும் நிலம் நடுங்கிற்று.

இன்றைய நிஷாப்பூர் பழைய நகரின் அருகே எழுந்த வேறோர் ஊர். கய்யாமுக்கு 1963இல் புதிய நினைவுச்சின்னம் எழுப்பினர். பழைய மேடுகளை 1935 முதல் நியூயோர்க் மெற்றொபொலிற்றன் அரும்பொருளகத்தார் அகழ்ந்தபோது, வெண்பூச்சின்மேல் கருநிற அரபு எழுத்தோடிய மட்கலங்கள் கிடைத்தன. உண்பவனுக்கு நலமும் ஆசியும் வேண்டும் சொற்களே அவற்றிற் பல தாங்கியுள்ளன.