தம்ளருக்குள் ஒரு சமுத்திரம்!

“அம்மா, பனியெல்லாம் உருகிக் கடல் ஊருக்குள் வந்துவிடுமாமே! நிஜந்தானா?”

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் குழந்தை, புத்தகப் பையைக் கீழே வைப்பதற்குள் இப்படி ஒரு கேள்வியைப் போட்டால் என்ன சொல்வீர்கள்? “அதெல்லாம் ஒன்றுமில்லை, பாலைக் குடி” என்றால் குழந்தை நம்பாது. “ஆமாம், உலகமே முழுகப் போகிறது” என்றால் நம்பிவிடும், ராத்திரி தூங்காது! இரண்டும் வேண்டாம். இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுத்து வையுங்கள். வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியைகளுக்கும் இதே யோசனைதான்.

இரண்டு தம்ளரிலும் சம அளவு தண்ணீர் விடுங்கள். முதல் தம்ளரில் மூன்று ஐஸ் கட்டிகளைப் போடுங்கள். அவை அடியில் தட்டாமல் மிதக்க வேண்டும். இரண்டாவது தம்ளரின் வாயில் டீ வடிகட்டியை வைத்து, அதன் மேல் மூன்று கட்டிகளை வையுங்கள். வடிகட்டி தண்ணீரைத் தொடக்கூடாது. இப்போது இரண்டிலும் நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ, அங்கே ஒரு ரப்பர் பாண்டைச் சுற்றிவிடுங்கள்.

உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள்! “எந்தத் தம்ளரில் மட்டம் ஏறும்?” என்று கேட்டு, குழந்தையின் ஊகத்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஐஸ் முழுவதும் கரைந்த பிறகு பாருங்கள். மிதந்த ஐஸ் கரைந்த தம்ளரில் மட்டம் ரப்பர் பாண்டை விட்டு நகர்ந்திருக்காது. வடிகட்டித் தம்ளரிலோ நன்றாக ஏறியிருக்கும். காரணம் என்ன? மிதக்கும் ஐஸ் தன் எடைக்குச் சமமான தண்ணீரை முன்பே விலக்கிவிட்டது. கரைந்ததும் அந்த இடத்தைத்தான் நிரப்புகிறது. வடிகட்டியிலிருந்து சொட்டியதோ புதிதாக வந்து சேர்ந்த தண்ணீர்.

வட துருவத்தில் கடல்மேல் மிதக்கும் பனி, முதல் தம்ளர். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின்மேல் கிடக்கும் பனி, வடிகட்டி. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அது நாளைக்கே நடந்துவிடாது. பல நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் 1901 முதல் 2018 வரை கடல் மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர் ஏறிவிட்டது. நிலத்துப் பனி உருகியதும், சூடேறிய கடல்நீர் விரிந்ததும் சேர்ந்து செய்த வேலை அது. அடி ஸ்கேலை நிறுத்தி, அதில் 20-ஐக் குழந்தையையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கெட்டிக்காரக் குழந்தை இங்கே மடக்கும்: “அப்படியானால் மிதக்கும் பனி உருகினால் நஷ்டமில்லையே?”

மறுநாள் இரண்டு தம்ளர்களுக்கும் தண்ணீர் விட்டு, ஒன்றுக்கு வெள்ளைக் காகிதமும் மற்றதற்குக் கறுப்புக் காகிதமும் சுற்றி, மொட்டை மாடி வெயிலில் ஒரு மணி நேரம் வைக்கட்டும். பிறகு விரலை விட்டுப் பார்க்கட்டும். கறுப்பில்தான் சூடு அதிகம். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. பனி போனால் இருண்ட கடல் அந்த வெயிலை வாங்கிக்கொள்கிறது. நஷ்டம் எங்கே என்று விரலே சொல்லிவிடும்.

“சரி, பூமி ஏன் சூடாகிறது?” என்பது அடுத்த கேள்வி. இதற்கு வழிகாட்டியவர்களில் ஒரு பெண்மணியும் உண்டு! அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்பவர், கண்ணாடிக் குழல்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி, தெர்மாமீட்டருடன் வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழல் அதிகம் சூடேறியது. ஆறவும் வெகுநேரம் பிடித்தது. காற்றில் அந்த வாயு பெருகினால் பூமியின் உஷ்ணம் கூடும் என்று 1856-லேயே அவர் எழுதினார். பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தை அந்த வாயு பிடித்துக்கொள்கிறது என்பது பிற்பாடு விளங்கிற்று. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிக்க எரிக்க அது காற்றில் பெருகுகிறது.

தம்ளர் சமுத்திரம் ஆகிவிடாது. அங்கே அலையும் உண்டு, காற்றும் உண்டு, உப்பும் உண்டு. இதையும் குழந்தையிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சோதனை சரியாக வராவிட்டால் திட்டாமல், “எங்கே தவறியது?” என்று சேர்ந்து தேடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை கொடுங்கள். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. ஒரு வாரம், தினமும் காலை ஒரே நேரத்தில் வீட்டுக் கரண்ட் மீட்டரைப் பார்த்துக் குழந்தை குறித்து வரட்டும். எந்த நாளில் யூனிட் ஏறியது, ஏன் ஏறியது என்று அதுவே கணக்குப் போடும். அப்புறம் பாருங்கள், ஆளில்லாத அறையில் ஃபான் சுற்றினால் உங்களைத்தான் முதலில் அதட்டும்!