கோபமும் கிறிஸ்தவனும் – 7: யார் மேல் கோபம்?

நாவிதன்வெளியிலிருந்து கல்முனைக்குப் போக கிட்டங்கித் தாம்போதியைத் தாண்ட வேண்டும். மாரியில் அதன் மேலால் வெள்ளம் பாய்ந்தால் போக்குவரத்து நின்றுவிடும். இக்கரையில் சொறிக்கல்முனை வேதக்காரர், அன்னமலைச் சைவர், சாளம்பைக்கேணி முஸ்லிம்கள். அக்கரையில் கல்முனை, சாய்ந்தமருதுக் கடைகள். பெருநாளுக்கு உடுப்பெடுப்பதென்றாலும் அக்கரைதான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். 26ஆம் திகதி இரவு, அந்தத் தாக்குதலை நடத்திய இஸ்லாமியத் தீவிரவாதக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டை வெடிக்கவைத்துத் தங்கள் பிள்ளைகளையும் பலிகொடுத்து மாண்டார்கள். புதிதாய்க் குடிவந்தவர்கள் மேல் சந்தேகப்பட்டுப் பொலிஸுக்குச் சொன்னது அந்த ஊர் முஸ்லிம்கள்தான். இதை விட்டுவிட்டுச் சாய்ந்தமருதைப் பற்றிப் பேசுவது நேர்மையல்ல.

ஆனால் "அவங்கட கடையில சாமான் வாங்காதீங்க" என்ற பேச்சு அந்த நாட்களில் நாடெங்கும் ஓடியது. மே மாதம் நீர்கொழும்பில் கைகலப்பு; ஒரு வாரத்தில் மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிந்தன. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? வரும், வரத்தான் வேண்டும். அது துணிக்கடை முதலாளி மேல் திரும்பியதுதான் அநியாயம். முஸ்லிம்கள் மேல் கைவைக்காதீர்கள் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் கத்தோலிக்கரைக் கேட்டுக்கொண்டார்.

கிறிஸ்தவன் கோபமே படக்கூடாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மாற்கு 3ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஓய்வுநாளில் சூம்பிய கையுள்ளவனை இயேசு குணமாக்கினால் குற்றஞ்சாட்டலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். அவர்களைக் கோபத்தோடு சுற்றிப் பார்க்கிறார், அவர்களுடைய கல்மனசுக்காக வருந்துகிறார், பிறகு அந்தக் கையை நீட்டச் சொல்கிறார். கை சுகமாகிறது. கோபம் வந்தது, ஆனால் அடி யாருக்கும் விழவில்லை. ஆலயத்திலிருந்து வியாபாரிகளை விரட்ட இயேசு எடுத்த சாட்டையைவிட எனக்கு இந்த இடம்தான் பெரிதாகப் படுகிறது. நம்மவர்களோ வீட்டில் கத்திவிட்டுச் சாட்டையைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள்!

2020 உயிர்த்த ஞாயிறு அன்று, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார் கர்தினால். அதன் பிறகும், பின்னணியில் இருந்தது யார் என்று கேட்பதை அவர் விடவில்லை. மன்னித்தவருக்கு விசாரணை எதற்கு என்று சிலர் முணுமுணுத்தார்கள். இது தவறான கேள்வி. பழிவாங்குவதைக் கைவிடுவதுதான் மன்னிப்பு. உண்மையைக் கைவிடச் சொல்லி எந்த வேதமும் கேட்கவில்லை.

தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியப் புலனாய்வுத் துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. ஆட்சியில் இருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களும் குருமாரும் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜனவரி 12 அன்று, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கோபம் போகவேண்டிய முகவரிக்குப் போனது.

மத்தேயு 18 காட்டும் வழியும் இதற்கு ஒத்ததே: முதலில் தவறு செய்தவரிடம் தனியே போய்ப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிப் போ, அதன் பிறகே சபை. நாம் நேர்மாறாக, முதலில் ஊருக்குச் சொல்வோம், கடைசிவரை அவரிடம் மட்டும் போகமாட்டோம். இந்த வாரம் யார் மேலாவது கோபமிருந்தால் அவரிடமே போங்கள். அவருடைய ஆட்களிடமோ அவருடைய கடையிடமோ அல்ல.