குதிரைக்கு அறுவை சிகிச்சை: கத்தியைவிட மயக்கமே ஆபத்து ஏன்? சிரைவழி மருந்து உதவுவது எப்படி?

ஆண் குதிரைக்குக் காயடிக்கும் அறுவை சிகிச்சை, அனுபவமுள்ள கால்நடை மருத்துவரின் கையில் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால், 400 கிலோ எடையுள்ள விலங்கை உணர்விழக்கச் செய்து தரையில் கிடத்துவதும், பின்னர் அதைக் காயமின்றி எழுந்து நிற்க வைப்பதும் அறுவை சிகிச்சையைவிடக் கடினமானவை.

நாட்டில் 3.4 லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருப்பதாக 2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. இது முந்தைய கணக்கெடுப்பைவிட 45.6 சதவீதம் குறைவு. வண்டி இழுத்தும், திருமண ஊர்வலத்தில் நடந்தும், மலைக்கோயில்களுக்குப் பக்தர்களைச் சுமந்தும் உழைக்கும் குதிரைகள் பலவற்றுக்கு மருத்துவமனை எட்டாத தொலைவில் உள்ளது. வாயு மயக்க மருந்து செலுத்தும் கருவியை வயல்வெளிக்குக் கொண்டு செல்வது எளிதன்று. ஆகவே, கழுத்துச் சிரையில் செலுத்தும் மருந்துகளே அங்கு முதன்மையான வழி.

குதிரையின் உடலமைப்பு நெடுநேரம் படுத்திருப்பதற்கு உகந்ததன்று. படுத்த நிலையில் வயிற்றுப் பகுதியின் பாரம் நுரையீரலை அழுத்துவதால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. உடலுக்கு அடியில் சிக்கும் தசைகளுக்கு ரத்த ஓட்டம் தடைபட்டால் அவை பழுதடைந்து, குதிரை எழ முடியாமல் போகலாம். முகப்பட்டையைக் கழற்ற மறந்தால்கூட, அதன் உலோக வளையம் அழுத்தி முக நரம்பு செயலிழக்கக்கூடும்.

பிரிட்டனிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டு, 2002-இல் வெளியான ஆய்வில் 41 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளின் விவரங்கள் திரட்டப்பட்டன. கடும் வயிற்றுவலிக்கான அறுவை சிகிச்சைகள் நீங்கலாக, மயக்க மருந்து பெற்றவற்றில் ஏறத்தாழ 0.9 சதவீதம் 7 நாள்களுக்குள் இறந்திருந்தன. 2021-இல் வெளியான அடுத்தகட்ட ஆய்வில் இது 0.6 சதவீதம். குறைந்துள்ளது என்றாலும், மனிதர்களுக்கான மயக்க மருந்தில் காணப்படும் இறப்பைவிட இது பன்மடங்கு அதிகம்.

முந்தைய ஆய்வில், சிரைவழி மருந்து மட்டும் பெற்ற குதிரைகளின் இறப்பு விகிதம் சுமார் 0.3 சதவீதமே. இதை அப்படியே அந்த மருந்துகளின் சிறப்பாகக் கொள்ள இயலாது. சிரைவழி முறை பெரும்பாலும் குறுகிய நேரச் சிகிச்சைகளுக்கே கையாளப்படுகிறது; நேரம் குறைந்தாலே ஆபத்தும் குறையும். எனினும், ஹாலோத்தேன் போன்ற வாயு மருந்துகள் ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் அளவுக்குக் கெட்டமைன் தாழ்த்துவதில்லை என்பது உண்மை.

இம்முறையில் வரிசைதான் எல்லாம். முதலில் கழுத்துச் சிரையில் குழாய் பொருத்தப்படுகிறது. ஊசி தவறி அருகிலுள்ள தமனிக்குள் சென்றால், மருந்து நேரே மூளையை அடைந்து வலிப்பை உண்டாக்கும். பின்னர் சைலசின் போன்ற அமைதிப்படுத்தும் மருந்து தரப்படுகிறது. சில நிமிடங்களில் தலை முழங்கால் அளவுக்குத் தாழ்ந்து, கீழுதடு தொங்கி, சத்தத்துக்கும் குதிரை அசையாமல் நின்றால் மட்டுமே அடுத்த மருந்தான கெட்டமைன் செலுத்தப்பட வேண்டும். தசைகளைத் தளர்த்த டயஸபாமும் சேர்ப்பதுண்டு. போதிய அமைதி நிலைக்கு வராத குதிரைக்குக் கெட்டமைன் கொடுத்தால், அது மயங்குவதற்குப் பதிலாக வெறிகொண்டு துள்ளும். சுற்றி நிற்போருக்கும் ஆபத்து.

சரியாகச் செய்தால் குதிரை ஓரிரு நிமிடங்களில் சரிந்து, 15 முதல் 20 நிமிடங்கள் படுத்திருக்கும். கண்கள் திறந்தே இருக்கும். இமையைத் தொட்டால் அசையும். உரிமையாளர்கள் இதைக் கண்டு, குதிரை விழித்திருப்பதாகப் பதறுவது வழக்கம். கெட்டமைனின் இயல்பே அது. கண்களில் களிம்பிட்டுத் துணியால் மூடுவதும், காதில் பஞ்சு வைப்பதும், அடியில் சிக்கிய முன்னங்காலை முன்னோக்கி இழுத்து வைப்பதும் கட்டாயம். வெட்டும் இடத்தில் உணர்விழப்பு ஊசியும் போட்டால் கெட்டமைன் தேவை குறையும்.

கூடுதல் நேரம் தேவையெனில் சைலசின், கெட்டமைன் ஆகியவற்றுடன் குவைஃபெனெசின் கலந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தலாம். இதற்கும் ஒரு மணி நேரமே எல்லை. அதைத் தாண்டினால் மருந்துகள் உடலில் தேங்கி, எழும்போது கால்கள் தள்ளாடும்.

அந்த எழும் கட்டத்தில்தான் எலும்பு முறிவுகள் நேர்கின்றன. ஆபத்தை உணர்ந்தால் ஓடுவதே குதிரையின் இயல்பு. அரைமயக்கத்திலும் அது எழ முயலும். விரைவில் எழட்டும் எனத் தட்டுவதும் கயிற்றை இழுப்பதும் கேடு விளைவிக்கும். கெட்டமைனின் வீரியம் தணிந்த பிறகும் சைலசினின் அமைதி நீடிப்பதே நல்லது.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படுவதால், கெட்டமைன் 2013 முதல் மருந்து விதிகளின் 'எக்ஸ்' அட்டவணையில் உள்ளது. அதை விற்கத் தனி உரிமம் தேவை. மருத்துவர் இரு பிரதிகளாகச் சீட்டு எழுத வேண்டும். அதில் ஒன்றை விற்பனையாளர் 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவில், 400 கிலோ குதிரைக்கு 880 மில்லிகிராம் கெட்டமைன் தேவை. 500 மில்லிகிராம் கொண்ட குப்பியில் ஒன்று முழுதும், இரண்டாவதில் பெரும்பகுதியும் ஒரே குதிரைக்குச் செலவாகிவிடும்.